ஆளுக்கு இருபது

மொன்டானாவின் கிழக்கோரம், பேட்ஜர் க்ரீக் பள்ளி.
ஆசிரியை நான். தலைமையாசிரியையும் நான்.
குழாய் உறைந்துபோனால் முடி உலர்த்தியோடு
தரைக்கடியில் தவழ்ந்து போவதும் நானே.

ஏழு பிள்ளைகள்.
அக்டோபர் முதல் திங்கள் தலை எண்ணும் நாள்.
எண்ண அரை நிமிடம்.
எண்ணியதை எழுத இருபத்தெட்டுப் பக்கம்.

இனவாரியாக, என்கிறது படிவம்.
வெள்ளையர் எழுபத்தொன்று புள்ளி நான்கு.
ஹிஸ்பானியர் பதினான்கு புள்ளி மூன்று.
பூர்வகுடி பதினான்கு புள்ளி மூன்று;
அது இப்போது மேசைக்கடியில் குந்தி
பசைக்குச்சியை முகர்ந்துகொண்டிருக்கிறது.
டெல்வின், வெளியே வா என்றேன்.
ஒரு சமூகமே எழுந்து வந்தது, மூக்கொழுக.

வறுமைவாரியாக, என்கிறது அடுத்த பக்கம்.
ஒரே சட்டி, ஏழு கிண்ணம் பீன்ஸ் சூப்.
யார் இரண்டாம் முறை நீட்டுவார்கள்,
யார் வெள்ளிக்கிழமை மட்டும் நீட்டுவார்கள்
என்பது எனக்குத் தெரியும்.
அதற்குக் கட்டம் இல்லை.

தேர்வெழுதும் வகுப்புகளில் ஐந்து பேர்.
ஆளுக்கு இருபது சதவீதம்.
போன வருடம் கணக்கில் எண்பது.
மீதி இருபதின் பெயர் ப்ரின்.
அவளுக்குப் பின்னம் வராது.
அவளோடு பிறந்த ஸ்டெட்சனுக்கு வரும்.
அதை அவன் தினமும் அவளுக்கு நினைவூட்டுவான்.

இந்த ஏப்ரலில், தேர்வுக்கு முந்தின இரவு பனிப்புயல்.
எட்டாம் வகுப்பு கோல்பி
சட்டைக் கையெல்லாம் வைக்கோலோடு வந்தான்.
அப்பாவுக்குத் தோள்பட்டை முறிவு.
தலைச்சன் பசுக்கள் இரண்டுக்கு ஒரே நேரத்தில் வலி.
சங்கிலி பதிந்த உள்ளங்கையால்
பத்துக் கேள்விவரை போனான்.
பதினொன்றில் நெற்றி விசைப்பலகையில் சாய்ந்தது.
திரை முழுக்க ஒரே எழுத்து
ஓடிக்கொண்டே இருந்தது.
விதிப்படி நான் எழுப்பக் கூடாது.
விதி இல்லாவிட்டாலும் எழுப்பியிருக்க மாட்டேன்.

எண்பது அறுபதானது.

வெளியார் பார்க்கும் அறிக்கையில்
பத்துக்குக் குறைவென்றால் எண் வராது,
நட்சத்திரக் குறி வரும்.
பிள்ளைகளின் அந்தரங்கம் காக்கவாம்.
யாரிடமிருந்து?
அறுபது மைல் சுற்றளவில்
ப்ரின்னின் பின்னத்தை அறியாதவர் இல்லை.
மளிகைக்கடை வெர்ன் மீதிச் சில்லறையை
அவளையே எண்ண வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாவட்ட அலுவலகம் மட்டும் நட்சத்திரத்துக்குப் பின்னால் பார்க்கும்.
கடிதம் வந்தது:
சரிவுக்கான காரணம், மேம்பாட்டுத் திட்டம்,
இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.
இரண்டு கன்றுகள், இரண்டும் பிழைத்தன
என்று எழுதினேன். அழித்தேன்.
சிறு எண்ணிக்கையால் நேரும் ஏற்ற இறக்கம்
என்று எழுதி ஒட்டினேன்.

மே மாதம் யாரெட்சியின் அப்பாவுக்கு
பில்லிங்ஸில் வேலை கிடைத்தது.
போகும் வாரம் அவள்
வேலிக்கம்பியைத் துண்டு துண்டாய் நறுக்கி
இது பாதி, இது பாதியில் பாதி என்று
ப்ரின்னின் முன்னால் அடுக்கி வைத்தாள்.
எந்த மொழியில் பேசிக்கொண்டார்களோ,
நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
அவர்களுடைய வண்டி சரளைச் சாலையில் திரும்பியபோது
அறுபது ஐம்பதானது.
ஹிஸ்பானியர்: சுழியம்.
கம்பித் துண்டுகளை ப்ரின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

கோல்பியும் இனி நகரத்து உயர்நிலைப்பள்ளி.
ஏழு ஐந்தாகிறது.
ஐந்துக்குக் கீழே போனால் பூட்டு.

இன்று தபால் கொண்டுவந்த டார்லா
இடுப்பில் கையூன்றி வண்டியிலிருந்து இறங்கினாள்.
ஆகஸ்டில் என்றாள்.
ஆகஸ்டா, அப்படியானால் இன்னும் ஐந்து வருடம்,
அதுவரை டெல்வின் இருப்பான், அவன் தங்கை வருவாள்,
என்று என் தலை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.
வெட்கமாக இருந்தது.

சூப் இருக்கிறது, சாப்பிடுகிறாயா என்றேன்.